இன்னர் சைல்ட் தெரபி: மூன்று வருடம் போய்வந்த அனுபவம்

சின்ன வயதில் அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். குடித்திருக்கிறாரா இல்லையா என்பது அவர் ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். 38 வயதிலும் அலுவலகத்தில் யாராவது குரலை உயர்த்தினால் எனக்கு வாய் உலர்ந்துபோகும். அதற்காகத்தான் கவுன்சலிங் போனேன். சின்ன வயதில் காயப்பட்ட நம்மை இன்னும் உள்ளே இருக்கும் ஒரு குழந்தையாகக் கற்பனை செய்து, அதோடு பேசி ஆற்றுவதுதான் இன்னர் சைல்ட் தெரபி.

முதலில் போன இடத்தில் இரண்டாவது செஷனிலேயே கண்ணை மூடச் சொல்லி, "அந்தக் குழந்தையைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அப்புறம் ஒரு வாரம் தூக்கமே இல்லை. அத்தோடு விட்டுவிட்டேன். அதிர்ச்சியிலிருந்து மீள்வதில் பாதுகாப்புதான் முதல் கட்டம், நினைவுகளைத் தொடுவது அடுத்ததுதான் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-லேயே எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வரிசை தலைகீழாகியிருந்தது.

இப்போது பார்க்கும் தெரபிஸ்ட் மேடம் முதல் நான்கு மாதம் குழந்தைப் பேச்சையே எடுக்கவில்லை. பாதத்தைத் தரையில் அழுத்துவது, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல்வது, தாங்கவில்லை என்றால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வது. இவ்வளவுதான் பழக்கினார். சலிப்பாகத்தான் இருந்தது. பின்னால் என்னைத் தாங்கியது அதுதான்.

ஒரு நாள், "அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். எரிச்சலாக வருகிறது என்றேன். அம்மா அடி வாங்கும்போது ஒளிந்துகொண்டிருந்தவள்தானே! சொன்ன பிறகு எனக்கே கூசியது. "சரி, எரிச்சல் இருக்கட்டும். முதலில் அதோடு பேசுவோம்" என்றார். 1980-களில் அமெரிக்கத் தெரபிஸ்ட் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் உருவாக்கிய ஐஎஃப்எஸ் (இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்) முறையில் இப்படித்தான். மனதைப் பல பகுதிகள் சேர்ந்ததாகப் பார்ப்பார்கள். காயப்பட்ட பகுதியை நெருங்கும் முன், அதைக் காத்து நிற்கும் பகுதியிடம் சம்மதம் கேட்பார்கள். ஏழெட்டு வாரம் அதிலேயே போனது. நான் இனி யார் முன்னாலும் ஒளியக் கூடாது என்று அந்த எரிச்சல் இத்தனை வருடமாகக் காவல் நின்றிருக்கிறது.

அது கொஞ்சம் விலகிய பிறகு கற்பனையில் அந்தச் சமையலறைக்குள் போனேன். கட்டிக்கொள்ளப் போனால் அவள் சுருங்கினாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். லைட்டைப் போடு என்றாள். போட்டேன். டிரம்முக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

நடந்தது எதுவும் மாறவில்லை. அப்பாவை மன்னிக்கச் சொல்லி மேடம் ஒரு நாளும் கேட்டதில்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி. கனமான செஷனுக்கு மறுநாள் உடம்பே அடித்துப்போட்ட மாதிரி இருக்கும், முடிந்தால் லீவு போட்டுவிடுங்கள். இரவில் தாங்க முடியாத இரண்டு முறை அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்குக் கூப்பிட்டேன். இலவசம், தமிழிலேயே பேசலாம். யூடியூப் வீடியோவைப் பார்த்துத் தனியாக மட்டும் இதைச் செய்யாதீர்கள். நினைவு பொங்கி வரும்போது எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

போன மாதம் எதிர்வீட்டு வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. ஸ்டாண்ட் சத்தத்தில் தோள் இறுகியது. சமையலறை லைட்டைப் போட்டுவிட்டு மீதி வெங்காயத்தை நறுக்கினேன்.