எழும்பாத கொம்பியூட்டருக்குள் குடும்பப் படங்கள்: லினக்ஸ் பென்டிரைவா, டிஸ்க்கைக் கழற்றுவதா, கடையா?

மட்டக்களப்பு கல்லடியில் அக்கா வீட்டு மூலையில் 2007இல் வாங்கிய டெஸ்க்டொப் ஒன்று ஆறு வருடமாகச் சும்மா கிடந்தது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், ஸ்க்ரீன் கறுப்பாகவே நிற்கும். ஆனாலும் பழைய இரும்புக்குப் போட யாருக்கும் மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26 கடல் எங்கள் அல்பங்களை எல்லாம் கொண்டுபோன பிறகு, கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் தங்களிடம் மிஞ்சியிருந்த கல்யாண வீட்டுப் படம், சாமத்திய வீட்டுப் படம் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்ப, அக்கா அவற்றை அதற்குள்தான் சேர்த்து வைத்திருந்தார்.

கொம்பியூட்டர் எழும்பவில்லை என்றால் படங்கள் இருக்கும் ஹாட் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பவர் சப்ளை, ராம், மதர்போர்ட் என்று எது பழுதானாலும் இப்படித்தான் நிற்கும். படங்கள் அவற்றில் இல்லையே.

விண்டோஸ் மட்டும் கெட்டு, ஸ்க்ரீனில் எழுத்தாவது வருகிறதென்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் இருக்கிற பென்டிரைவை முதலில் பாருங்கள். வேறொரு கொம்பியூட்டரில் உபுண்டு அல்லது மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் பென்டிரைவில் ஏற்றி, பழைய மெஷினை அதிலிருந்து ஸ்டார்ட் பண்ணி, இன்ஸ்டோல் பக்கம் போகாமல் 'ட்ரை' என்பதை மட்டும் அமர்த்தினால் டிஸ்க் திறக்கும், படங்களை வெளியே எடுக்கலாம். ஸ்க்ரூட்ரைவரே வேண்டாம். ஆனால் இன்றைய உபுண்டு 64 பிட் மெஷினில்தான் ஓடும், 1 ஜிபி ராமில் மூச்சு வாங்கும். எங்களுக்கோ ஸ்க்ரீனில் ஒன்றுமே வரவில்லை.

ஆகவே டிஸ்க்கைக் கழற்றினோம். என்னைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்வேன். கடற்காற்றில் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து திருப்ப வேண்டியிருந்தது. வெளியே எடுத்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள்: இரண்டு வரிசையாக ஊசி ஊசியாக நின்றால் ஐடிஈ, தட்டையான சின்ன வாய் என்றால் சாட்டா. அதற்கேற்ற யூஎஸ்பி கேபிள் வாங்க வேண்டும். நான் முதலில் லப்டொப் டிஸ்க்குக்கான கேபிளை வாங்கிவிட்டேன், டிஸ்க் அசையவே இல்லை. லப்டொப் டிஸ்க்குக்கு யூஎஸ்பி தருகிற 5 வோல்ட் போதும், டெஸ்க்டொப் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அதனால் தனியாகச் சுவரில் செருகும் அடப்டரோடு வருகிற கேபிளைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதை மாட்டி வேறொரு கொம்பியூட்டரில் செருகியதும் டிஸ்க் விர்ரென்று ஒரே சீராகச் சுற்றத் தொடங்கியது. அக்காவுடையது பழைய விண்டோஸ் எக்ஸ்பி என்பதால் படங்கள் 'டொகியுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள் இருந்தன, அனுமதி இல்லை என்று விண்டோஸ் மறித்தபோது 'கன்டினியூ' கொடுத்துக் காத்திருந்தோம். முதலில் திறந்தது, பழைய கல்லடிப் பாலத்து இரும்பில் கை வைத்தபடி நிற்கும் அம்மா. அக்கா ஸ்க்ரீனைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

டிஸ்க்கை மாட்டியதும் 'ஃபோர்மட் பண்ண வேண்டும்' என்று, அதாவது டிஸ்க்கை வெறுமையாக்கச் சொல்லி, ஒரு பெட்டி வந்தால் மட்டும் ஓம் சொல்லாதீர்கள், மூடிவிடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அப்படியான டிஸ்க்கிலிருந்தும் படங்களைத் தேடி எடுக்கும். எடுத்ததை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது.

சரி, கடை? பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் கொம்பியூட்டரைக் கடையில் கொடுத்தார், இரண்டு நாளில் நன்றாக ஓடுகிற நிலையில் திரும்பி வந்தது, புது விண்டோஸோடு. படம் ஒன்றும் இல்லை. திருத்தச் சொன்னார், அவர்களும் திருத்திக் கொடுத்தார்கள். கடைக்குப் போவதென்றால் 'மெஷின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, படங்கள்தான் வேண்டும், ஃபோர்மட் பண்ண வேண்டாம்' என்று துண்டில் எழுதி மெஷினிலேயே ஒட்டிக் கொடுங்கள்.

டிஸ்க் டிக், டிக் என்று அடித்தால் இந்த மூன்றும் சரிவராது. பெரும்பாலும் உள்ளே படிக்கும் முனை பழுது, ஓட ஓடத் தகடு கீறுப்படலாம். உடனே கரண்டை நிறுத்துங்கள், வீட்டில் திறக்காதீர்கள், தூசி பட்டாலே கெடும். டேட்டா மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவர்களிடம் போகும்வரை யாரிடமும் 'ஒருக்காப் போட்டுப் பாருங்க' என்று அதைக் கொடுக்காதீர்கள்.