லேப்ரடாரை எங்கே நீந்த விடலாம்: கடலா, ஏரியா, பம்புசெட் தொட்டியா?

லேப்ரடார் வளர்க்கிறவர்களில் பலர் தண்ணீரைப் பார்த்ததும் சங்கிலியை அவிழ்த்து விட்டுவிடுவார்கள், அதுதான் நீச்சல் நாயாச்சே என்று. நீச்சல் நாய்தான், சந்தேகமே இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வலையும் கயிறும் இழுத்துத் திரிந்த நாய்களின் வம்சம். விரல்களுக்கு நடுவில் சவ்வு, சுக்கானாக வேலை செய்யும் தடித்த வால், எண்ணெய்ப்பசையோடு இரண்டு அடுக்கு ரோமம். ஓட்டத்தில் நம்ம சிப்பிப்பாறை இதைச் சுலபமாகத் தோற்கடித்துவிடும், தண்ணீரில் கிட்டவே வர முடியாது. ஆனால் எவ்வளவு நன்றாக நீந்துகிற நாயும் ஏறிவர இடம் இல்லையென்றால் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்து களைத்து மூழ்கிவிடும். அதனால் தண்ணீர் எவ்வளவு சுத்தம், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். நாய் தானாக எந்த வழியாக வெளியே வரும் என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கணக்கில் கடல் நன்றாகவே தேறும். மணல் சரிவில் எங்கே கால் ஊன்றினாலும் மேலே ஏறிவிடலாம், அலையே பாதி தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதற்காக எல்லாக் கரையும் ஒன்றில்லை. மெரினா, பட்டினப்பாக்கம் பக்கம் இழுப்பு அதிகம், மனிதர்களே வருடாவருடம் செத்துப்போகிற இடம், அங்கே நாயை அலை நுரையைத் தாண்டி அனுப்புவது வம்பு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கிழக்குக் கரை முழுவதையும் மறந்துவிடலாம்.

கடலில் தண்ணீரைவிடக் கரைதான் எனக்குப் பயம். கரைவலை இழுத்து முடித்ததும் வேண்டாத மீனை மணலிலேயே வீசிவிட்டுப் போவார்கள், அதில் பேத்தை மீனும் கிடக்கும். ஊதிப்போய்ப் பந்து போலக் கிடப்பதால் லேப் நேராக அதைத்தான் கவ்வப் போகும். "தம்பி, நாயப் பிடி, அது பேத்தை!" என்று வலைக்காரர் கத்தினால் யோசிக்காமல் பிடித்துவிடுங்கள். அந்த மீனின் ஈரலிலும் தோலிலும் நரம்பை முடக்கும் நஞ்சு உண்டு, மாற்று மருந்து கிடையாது. காய்ந்த சொறி மீனும், அதாவது ஜெல்லி மீனும், மூக்கில் பட்டால் அரிக்கும். இன்னொன்று, ஜனவரியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். அந்த மாதங்களில் விடியற்காலை நடைக்குச் சங்கிலி கட்டாயம், ஏனென்றால் புதைந்த முட்டையை நாய் மோப்பத்தில் கண்டுபிடித்துத் தோண்டிவிடும். உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் பேதியாவது தனிக்கதை. கரையிலேயே அடிக்கடி நல்ல தண்ணீர் காட்டினால் அது பெரும்பாலும் குறையும்.

ஏரிக்கு வருவோம். அலை இல்லை, இழுப்பு இல்லை, பார்த்தால் பாதுகாப்பான இடம் மாதிரி இருக்கும். என் பட்டியலில் இதுதான் கடைசி. படித்துறை இருக்கும் இடத்தை விட்டால் கரை முழுக்க முழங்கால் அளவு சேறு, அதற்கு மேல் ஆகாயத்தாமரை. நாய் பந்தை எடுத்துக்கொண்டு குறுக்கு வழியில் திரும்பினால் அந்தத் தண்டுகளுக்குள் கால் சிக்கும், அப்போது நாமும் உள்ளே போக முடியாது. அடியில் மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மழைக்குப் பிறகு எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், நாயிடமிருந்து அது மனிதருக்கும் வரும். அதற்கான தடுப்பூசியை வருடம் ஒருமுறை போட வேண்டும், கணக்கு தவறியிருந்தால் ஏரிப்பக்கமே போக வேண்டாம். மேலே பச்சைப் பெயின்ட் ஊற்றினாற்போலப் பாசி படர்ந்திருந்தால் குடிக்கக்கூட விடாதீர்கள், சில வகைப் பாசி கல்லீரலைக் கெடுக்கும். அமராவதி, சாத்தனூர் அணைகளிலும் கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமும் முதலை உண்டு என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வாய்க்கால் பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். சிமெண்ட் பூசிய வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது வேண்டாம். வழுவழுப்பான சரிவில் நகம் பிடிக்காது, ஓட்டம் அடுத்த மதகு வரை கொண்டுபோய்விடும்.

எனக்குப் பிடித்தது பம்புசெட் தொட்டி. கிணற்றுத் தண்ணீர், இடுப்பளவு ஆழம், சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். தோட்டக்காரரிடம் "அண்ணே, நாயை இறக்கலாமா?" என்று கேட்டால் அநேகமாகக் கிடைக்கும் பதில், "இறக்குங்க தம்பி, சோப்பு மட்டும் போட்ராதீங்க, தண்ணி தென்னைக்குப் போகுது." குறை ஒன்றுதான், ஏறும் வழி. லேப் முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் போட்டுத் தொங்கும், பின்னங்கால் நகம் பாசிச் சுவரில் கிரீச் கிரீச் என்று வழுக்கும், வயிற்றுத் தோல் சிமெண்டில் உரசிச் சிவந்துவிடும். உள்ளே மூலையில் இரண்டு ஹாலோ பிளாக்கை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, முதல் நாளே அதன் வழியாகக் கையைப் பிடித்து ஏற்றிப் பழக்குங்கள், பிறகு நேராக அந்த மூலைக்குத்தான் வரும். பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறு இருந்தால் வேறு தோட்டம் பாருங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கம் ஈர நாயை விடவே கூடாது.

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் நாய்களுக்கென்றே குளங்கள் வந்துவிட்டன. இறங்கி ஏறச் சரிவுப் பாதை இருக்கும், பல இடங்களில் தடுப்பூசிச் சீட்டு கேட்பார்கள், குளோரின் வாடை அடிக்கும். துடிப்பான நாய் சீக்கிரம் சலித்துப்போகும். குட்டிக்கும், இடுப்பு மூட்டு வலிக்கிற கிழட்டு லேப்புக்கும் இதைவிட நல்ல இடம் இல்லை, காசு கொடுக்கலாம்.

ஆக, கூப்பிட்டால் திரும்பி வரும் வளர்ந்த நாயா, மழைமாதம் தவிர மற்ற நாட்களில் இழுப்பு குறைந்த கடற்கரைக்கு, காலை எட்டு மணிக்குள் போய் வந்துவிடுங்கள். புதிதாகப் பழகுகிறதா, தொட்டி. முதுகில் கைப்பிடி வைத்த லைஃப் ஜாக்கெட் எங்கே போனாலும் உதவும், அந்தக் கைப்பிடிக்காகவே வாங்கலாம்.

நல்ல தண்ணீரும் வரம்பு மீறினால் கெடுதல்தான். பந்தை மறுபடி மறுபடி வீசினால் வாயைத் திறந்தபடி நீந்தும் நாய் லிட்டர் கணக்கில் விழுங்கி, ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிப்போகும். வயிறு உப்பி, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குண்டுப் பந்தைவிடத் தட்டையான பொம்மை நல்லது, வாய் அவ்வளவு திறக்காது. வீட்டுக்கு வந்ததும் காதுக்குள் துடைத்து, உள் ரோமம் வரை காயவைக்க வேண்டும், இல்லையென்றால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் தோல் புண்ணாகிவிடும். மறுநாள் வால் அடிப்பகுதி விறைத்து மீதி துவண்டு தொங்கினால் எலும்பு முறிந்துவிட்டதென்று பதற வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் அதிக நேரம் நீந்திய லேப்புகளுக்கு வால் தசை பிடித்துக்கொள்வது உண்டு, ஓய்வு கொடுத்தால் சில நாட்களில் சரியாகும். நான்கைந்து நாளாகியும் தூக்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.