கிரீன்வெல்ஸ் குளோரியா, பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சா?

டிரவுட் மீனுக்காக நீருக்குள் அமிழ விடும் வெட் ஃபிளைகளில், பிரிட்டனின் மழைநீர் ஆறுகளில் தூண்டில் போடுவோர் இன்றும் பெட்டியில் வைத்திருக்கும், முள்ளில் நூலும் இறகும் கட்டிச் செய்த பழைய போலிப்பூச்சிகள் இரண்டு. வில்லியம் கிரீன்வெல் என்ற பாதிரியாருக்காக 1854-இல் டுவீட் ஆற்றங்கரையின் ஸ்பிரவுஸ்டனில் ஜேம்ஸ் ரைட் கட்டித் தந்தது கிரீன்வெல்ஸ் குளோரி. யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளுக்குரிய பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சுக்கு அப்படி ஒரு பிறப்புக் கதை கிடையாது.

கட்டும் வேலையில் கிரீன்வெல் கொஞ்சம் படுத்தும். மஞ்சள் பட்டு நூலில் கறுத்த மெழுகைத் தேய்த்து ஆலிவ் நிறமாக்கி, அதன் மேல் மெல்லிய தங்கநிறக் கம்பியைச் சுற்றி, நடுவில் கறுப்பும் ஓரத்தில் செம்பழுப்புமான கோழியிறகால் கழுத்தைக் கட்டுவது வரை எளிதுதான். பறவையின் இடச் சிறகிலிருந்து ஒன்று, வலச் சிறகிலிருந்து ஒன்று என எடுத்த இறகுத் துண்டுகளைப் போலிப்பூச்சியின் சிறகுகளாகச் சமமாக நிமிர்த்தி நிறுத்துவதில்தான் கை தடுமாறும். மற்றதற்கு ஆரஞ்சுப் பட்டு நூலும், சாம்பல் கௌதாரியின் (பெயரிலுள்ள பார்ட்ரிட்ஜ் இதுதான்) முதுகிலிருந்து எடுத்த பழுப்புப் புள்ளி இறகு ஒன்றும் போதும். 14-ஆம் எண் முள்ளில், உடல் முள்முனைக்கு நேர் மேலே முடிந்துவிட வேண்டும். இறகை ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று. அடர்த்தியாகச் சுற்றினால் பார்க்க அழகாயிருக்கும், ஆனால் இழைகள் ஒன்றையொன்று தாங்கி விறைத்து நின்றுவிடும்.

நீருக்குள் வேறுபாடு இன்னும் கூர்மையானது. கௌதாரி இறகின் மென்மையான இழைகள் சிறு நீரோட்டத்துக்கும் மடிந்து விரிவதால், இழுக்காமலே பூச்சிக்கு உயிரசைவு கிடைக்கிறது. நனைந்த பட்டும் நிறம் மங்கிப் பழுப்பாகி, இன்ன பூச்சி என்று சொல்ல முடியாதபடி பலவற்றுக்கும் பொருந்திவிடுகிறது. ஆகவே கற்களுக்கிடையே உடைந்தோடும் ஆழமற்ற நீரில், குறுகிய நூலை நீரோட்டத்துக்கு எதிரே வீசி, தூண்டில் கோலை உயர்த்திப் பிடித்து, பூச்சியைத் தானாக மிதந்து வர விடுவதற்கு அதுவே என் முதல் தேர்வு. குறுக்கே வீசிக் கீழ்நோக்கி வளைய விடுவது எளிதென்றாலும், மீன் நீரோட்டத்தில் நமக்கு நேர் கீழே நிற்கும்போது இழுத்தால் முள் வாயிலிருந்து நழுவிவிடும் வாய்ப்பு அதிகம்.

வசந்தத்தின் தொடக்கத்தில், நண்பகலை ஒட்டி ஆலிவ் மேஃபிளைகள் என்ற நிஜப் பூச்சிகள் நீர்மட்டத்துக்கு வந்து சிறகு விரிக்கும்போது மட்டும் கிரீன்வெல் முந்துகிறது; அப்போது மீன்கள் நிறத்தையும் சிறகையும் தேடுகின்றன என்றே நான் கருதுகிறேன். அந்த வேளையில் ஒரே நூலில் இரண்டையும் கட்டி, நூலிலிருந்து பக்கவாட்டில் பிரியும் மேல் கிளையில் கிரீன்வெல்லையும் நுனியில் கௌதாரியையும் விடலாம்.