ட்யூனரே வேண்டாம் என்று சொல்லி விற்ற கம்பி ஆன்டெனா

3.5 மெகாஹெர்ட்ஸ் முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா ஹாம் பேண்டுகளிலும் (அமெச்சூர் வானொலிக்கான அலைவரிசைகள்) ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தித் தரும் கருவி) இல்லாமலே வேலை செய்யும் என்று உறுதி கூறப்பட்ட எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் இணைப்புத் தரும்) கம்பி ஆன்டெனா ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அதே வாசகத்தோடு இன்னும் பல ஆன்டெனாக்கள் விற்பனையில் இருப்பதால், நடந்ததை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

கட்டி முடித்த அன்று எனக்கு மகிழ்ச்சிதான். ஏறக்குறைய எல்லா பேண்டுகளிலும் எஸ்டபிள்யூஆர் (பவர் ரேடியோவுக்கு எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2-க்குக் கீழே இருந்தது; ரேடியோவும் முழுப் பவரைத் தயக்கமின்றிக் கொடுத்தது. ஆனால் அழைத்தால் பதில் வருவது அரிதாகவே இருந்தது. அலைப்பரவல் சரியில்லை போலும் என்று சில வாரங்கள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சாதாரண டைபோலை (நடுவில் இணைப்புத் தரும் கம்பி ஆன்டெனா) ஏறத்தாழ அதே உயரத்தில் கட்டி, ஒரே நிலையத்துடன் பேசியபடி இரண்டையும் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தேன். டைபோலுக்கு எஸ் 9 (சிக்னல் வலிமையின் அளவு) கொடுத்தவர், புதிய ஆன்டெனாவுக்கு எஸ் 7 கொடுத்தார். ஒரு எஸ் புள்ளிக்கு 6 டெசிபல் என்று கொண்டால், இந்த வேறுபாடு பவரில் 16-ல் ஒரு பங்குக்குச் சமம். மீட்டர்கள் அவ்வளவு துல்லியமானவை அல்ல என்றாலும், ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வந்தது.

சந்தேகம் வலுத்ததும், கம்பி இணையும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியிலிருந்து கம்பியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, எஸ்டபிள்யூஆரை அளக்கும் ஆன்டெனா அனலைசரை இணைத்தேன். கம்பியே இல்லாத பெட்டியில் எஸ்டபிள்யூஆர் மிக மிக அதிகமாகக் காட்டியிருக்க வேண்டும். எனக்கோ 7 மெகாஹெர்ட்ஸில் 1.4 காட்டியது. மூடியைத் திறந்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், அதன் வெளியீட்டுக்குக் குறுக்கே, பருமனான மின்தடை ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. என் பவரின் பெரும்பகுதி அதில் வெப்பமாகப் போயிருக்கிறது. பவரை வெப்பமாக்கும் சோதனை மின்தடையான டம்மி லோடும் எஸ்டபிள்யூஆர் 1 காட்டும். அதைக் கொண்டு யாரும் தொலைதூரம் பேசுவதில்லை.

ட்யூனர் இல்லாமல் உண்மையில் எவ்வளவு முடியும்? 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய, ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள அரை அலைக் கம்பி, 49:1 டிரான்ஸ்ஃபார்மருடன் (கம்பியின் மின்மறுப்பை 49-ல் ஒரு பங்காகக் குறைத்து ரேடியோவுக்குக் காட்டுவது) 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளிலும் ட்யூனர் இல்லாமல் ஓரளவு நன்றாகவே ஒத்திசையும், ஏனெனில் அவை 7-இன் மடங்குகள். 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் அந்த வரிசையில் விழுவதில்லை என்பதால் அங்கே ட்யூனர் இல்லாமல் முடியாது. ரேடியோவுக்குள் இருக்கும் ட்யூனர்கள் பெரும்பாலும் எஸ்டபிள்யூஆர் 3:1 வரைதான் சமாளிக்கும் என்பதால் பல வேளைகளில் வெளி ட்யூனரே தேவைப்படும். 9:1 டிரான்ஸ்ஃபார்மரில் இணைக்கும் ஒத்திசையாத நீளக் கம்பிக்கு ட்யூனர் எப்போதுமே வேண்டும். பேண்டுக்கு ஒரு கம்பியாகக் கட்டும் ஃபேன் டைபோல், தன் பேண்டுகளில் ட்யூனரைக் கேட்காது.

விற்றவரிடம் படங்களை அனுப்பினேன். எஸ்டபிள்யூஆர் குறைவாகத்தானே இருக்கிறது, பொருளில் குறையில்லை என்று எழுதிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

எனவே வாங்கும் முன், கம்பியின் நீளம், டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம், பெட்டிக்குள் மின்தடை உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கியவர்கள் கம்பியைக் கழற்றி அனலைசரால் மட்டும் சோதியுங்கள். அந்த நிலையில் ரேடியோவிலிருந்து பவர் கொடுத்தால், நல்ல டிரான்ஸ்ஃபார்மராக இருக்கும் பட்சத்தில் அதன் முனையில் ஆபத்தான மின்னழுத்தம் எழும்.