ஃபொராடோரி டெரோல்டெகோ: ஆண்டுக்கு ஒரு புட்டி

2018 கடைசியில் வட இத்தாலியின் ட்ரென்டோவுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஃபொராடோரி குடும்பம் டெரோல்டெகோ என்ற திராட்சை ரகத்தில் செய்யும் சிவப்பு ஒயினை, 2016 அறுவடையில், ஆறு புட்டிகள் வாங்கினேன். ஒன்று 20 யூரோவுக்கு மேல். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒன்று என்று வைத்துத் திறந்தேன். ஆறும் தீர்ந்துவிட்டன.

முதல் புட்டியை ஊற்றியதும் நிறம்தான் கண்ணில் பட்டது. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். புளிப்பு நன்றாகத் தெரிந்தது, துவர்ப்பு குறைவு, விழுங்கியபின் தொண்டையில் லேசான பாதாம் கசப்பு. திறந்தவுடன் வாசனை மூடிக்கொண்டு நின்றது. கூஜாவில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தபின்தான் பழம் எழுந்தது. அதிலிருந்து எல்லாப் புட்டியையும் அப்படித்தான் செய்தேன்.

இரண்டாவதில் பெரிய மாற்றமில்லை. மூன்றாவதில் பழம் கொஞ்சம் பின்வாங்கி, காய்ந்த இலை, மிளகு வாசனை முன்னால் வந்தது. நான்காவதுதான் உச்சம். காளான் போட்ட பொலெண்டாவோடு (மக்காச்சோளக் களி) குடித்தோம். புளிப்பும் பழமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன; அந்த இரவு மேசையில் யாரும் அதிகம் பேசவில்லை. ஐந்தாவதும் நல்லதே. ஆறாவது குடிக்க நன்றாக இருந்தாலும் பழம் போய்விட்டிருந்தது. ஆகவே அறுவடையிலிருந்து ஆறேழு ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். நெடுநாள் வைக்க வேண்டுமென்றால் இதே குடும்பத்தின் இன்னொரு ஒயினான கிரனாட்டோ இருக்கிறது.

ஃபொராடோரி குடும்பம் இருப்பது ட்ரென்டோவுக்கு வடக்கே மெட்ஸோலொம்பார்டோ என்ற ஊரில். சுற்றிலும் செங்குத்தான மலைச்சுவர்கள், நடுவில் நோச்சே ஆறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் சமவெளி. டெரோல்டெகோவின் சொந்த ஊர் அதுதான். அங்கே பழைய கொடிகள் பந்தலில்தான் படர்கின்றன. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. தந்தை இறந்த பின் 1984-இல் எலிசபெத்தா ஃபொராடோரி பொறுப்பேற்றபோது, நிறையக் காய்க்கும் கொடிக்குத்தான் ஊரில் மதிப்பு. அவர் பழைய தோட்டங்களில் நல்ல கொடிகளைத் தேடித் தேடிக் குச்சி வெட்டி நட்டு, ஒரே ரகத்துக்குள் இருந்த வேறுபாடுகளை மீட்டார். 2002-இல் உயிராற்றல் வேளாண்மைக்கு (தோட்டத்தையே ஓர் உயிராகப் பார்த்து, ரசாயன உரமில்லாமல் செய்யும் இயற்கை வேளாண்மை) மாறினார், 2009-இல் அதற்கான டிமீட்டர் அமைப்பின் சான்று வந்தது. இப்போது ஒயின் வேலையை மகன் எமிலியோ பார்க்கிறார். என்னைக் கேட்டால், இந்தச் சுவைக்கு முதல் காரணம் அந்தக் குச்சித் தேடல்தான். சான்றிதழ் முத்திரை அதற்கு அப்புறம்தான்.

இயற்கை ஒயின், அதாவது இயற்கை வேளாண்மைச் சான்று (ஆர்கானிக்) பெற்ற ஒயின் என்றதும் கொடிக்கு மருந்தே அடிக்காதது என்று நினைத்துவிடக் கூடாது. செம்பும் கந்தகமும் அடிக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது. புட்டிக்குள் ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டுக்கும் வரம்பு உண்டு: இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் சாதாரணமாக லிட்டருக்கு 150 மில்லிகிராம், இயற்கை ஒயினில் 100.

சல்ஃபைட் குறைந்த ஒயினுக்கு வெப்பம் ஆகாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். ஒரு ஆகஸ்டில் இணையக் கடை ஒன்றில் வேறொரு இயற்கை ஒயின் வாங்கினேன். வண்டியில் நாட்கணக்கில் வெந்து, தக்கை வெளியே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தது. வேகவைத்த ஜாம் வாசனை, குடிக்க முடியவில்லை. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதன்பின் கோடையில் எந்த ஒயினும் வரவழைப்பதில்லை. டெரோல்டெகோ புட்டிகள் ஆறும் நிலவறையில், 14 டிகிரி வாக்கில், படுக்கவைத்தே இருந்தன. பரிமாறும்போதும் 16 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். சூடேறினால் புளிப்பு தனியாகத் துருத்தி நிற்கும்.

அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். புட்டியை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, கடைசி இரண்டு விரற்கடையை ஊற்றாமல் விட்டால் போதும். மறுநாளும் குடிக்கலாம், மூன்றாம் நாள் வேண்டாம். 2019 அறுவடையில் ஆறு புட்டிகள் ஏற்கெனவே நிலவறையில் படுத்திருக்கின்றன. முதலாவதைக் கிறிஸ்துமஸுக்குத் திறக்கிறேன்.