சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பொருந்தும் யூரோஸ்டமி பை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

தண்டுவடக் காயத்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாட்டை இழந்த என் அண்ணனுக்கு, சிறுகுடலின் ஒரு துண்டைக் கொண்டு வயிற்றில் ஸ்டோமா (சிறுநீர் வெளியேறுவதற்கான திறப்பு) அமைத்து ஓராண்டுக்கு மேலாகிறது. அந்தச் சிறுநீரைச் சேகரிப்பதுதான் யூரோஸ்டமி பை. முதலில் வாங்கிய பையை வயிற்றுத் தோலில் ஒட்டவைக்கும் தட்டையான ஒட்டுத்தட்டு, படுத்திருக்கும்போது நன்றாக ஒட்டியிருந்து, அவர் நாற்காலியில் அமர்ந்து வயிறு மடிந்தவுடன் அடியில் கசிந்தது. அவ்விடத்தில் உணர்ச்சி இல்லாததால் எரிச்சல் அவருக்குத் தெரியவில்லை. தட்டைக் கழற்றிய அன்றுதான் தோல் வெந்து சிவந்திருப்பதைக் கண்டோம்.

பிறகு ஸ்டோமா நர்ஸின் யோசனைப்படி, உட்புறம் புடைத்த கான்வெக்ஸ் தட்டும், தனியே கழற்றி மாட்டக்கூடிய பையும் கொண்ட இரு பகுதி வகைக்கு மாறினோம். மடிப்புக்குள் அமிழும் ஸ்டோமாவைச் சுற்றி அது அழுந்தி நிற்பதால், பெல்ட்டோடு அணியும்போது நான்கு நாள் வரை கசிவதில்லை. பையினுள் இருக்கும் வால்வு சிறுநீர் ஸ்டோமாவின் பக்கம் திரும்பாமல் தடுக்கிறது. இரவில் கீழ்க்குழாயைப் பெரிய பையோடு இணைத்துவிட்டால், பை நிரம்பிக் கனத்துத் தட்டைப் பெயர்த்துவிடுமோ என்ற பயம் இல்லை. பை ஒளி ஊடுருவுவது என்பதால், ஸ்டோமா சிவப்பாக இருக்கிறதா, கருக்கிறதா என்று கழற்றாமலே பார்க்க முடிகிறது.

குறைகளும் உண்டு. உணர்ச்சியற்ற தோலில் புடைப்பின் அழுத்தமே புண்ணாக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தோலைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். முன்பே துளையிட்டு விற்கும் தட்டுகளை அறுவைக்குப் பிந்தைய முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டோமா அப்போது சுருங்கிக்கொண்டே வருவதால், ஒவ்வொரு முறையும் அளந்து, 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுவதே சரி. துளை பெரிதானால் வெளியில் தெரியும் தோலில் சிறுநீர் நின்று, நாளடைவில் வெள்ளைத் துகள்கள் படிகின்றன. கைவலு குறைந்தவருக்குக் கீழ்க்குழாயின் திருகு மிகவும் இறுக்கம்; அண்ணனால் இன்றுவரை தனியாகத் திறக்க இயலவில்லை.

சிறுநீரில் மிதக்கும் வெண்சளி குடலிலிருந்து வருவது. அதைக் கண்டு பயந்து பையை மாற்ற வேண்டியதில்லை. காய்ச்சல் வந்து சிறுநீர்ப் பரிசோதனை கேட்டால் மட்டும், பையில் தேங்கிய சிறுநீரைக் கொடுக்காதீர்கள்.

தட்டுகள் எப்போதும் கடையில் இருப்பதில்லை. ஒருமுறை பத்து நாள் காத்திருந்தோம். இப்போது ஐந்து தட்டு மீதமிருக்கும்போதே அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிடுகிறோம்.