பழைய பைக்கின் கிராங்க் பேரிங்: எந்த ரகம் நல்லது, முதலில் மாற்றத்தான் வேண்டுமா?

பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க். அதைத் தாங்கும் பேரிங் ஒன்றை, உதாரணமாக 6305-ஐ, பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் ரகசியம் ஒன்றும் கிடையாது. உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 62, அகலம் 17. எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். மின்மோட்டாரிலும் தண்ணீர் பம்பிலும் சுழல்வது இதே பேரிங்தான். இதை வாங்குவது அரை மணி நேர வேலை. இது உட்கார வேண்டிய இடத்தைத் திறப்பதற்குத்தான் எஞ்சினை இறக்கி, ஹெட், சிலிண்டர், கிளட்ச், மேக்னட் எல்லாம் கழற்றி, கிராங்க் உட்கார்ந்திருக்கும் கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டும். அதனால் பேரிங் ரகங்களுக்குப் போகும் முன், வாங்கத்தான் வேண்டுமா என்பதைப் பார்த்துவிடலாம்.

வேறு எந்தக் காரணத்துக்காகவாவது கேஸ் ஏற்கெனவே பிளந்து கிடக்கிறதா? அப்படியானால் யோசிக்க ஒன்றுமில்லை. கிராங்கை இருபக்கமும் தாங்கும் மெயின் பேரிங் இரண்டும், கிராங்க் ஆயில் சீல் இரண்டும் புதிதாகப் போடுங்கள். பழைய பேரிங் கையில் வழவழவென்று சுற்றினாலும் சரி. கிராங்கிலிருந்து வெளி வளையத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றியபோதே முழு விசையும் குண்டுகள் வழியாகத்தான் போயிருக்கும். குண்டுகள் ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்திருக்கும். அதைத் திரும்பப் போட்டால் கொஞ்ச நாளில் அந்தப் பள்ளமே சத்தமாக மாறும்.

பிளக்காத எஞ்சின் என்றால் கதை வேறு. சத்தத்தை மட்டும் நம்பிப் பிளக்கக் கூடாது. மெயின் பேரிங் தேய்ந்தால் வருவது ‘டக் டக்’ இல்லை. லோடு ஏறும்போது அடியிலிருந்து வரும் ஒரு கனத்த உறுமல் அது. காதுக்கு முன்னால் ஃபுட்ரெஸ்டில் காலுக்குத் தெரியும். ஆக்சிலேட்டரைத் திடீரென்று விட்டாலோ திறந்தாலோ கேட்கும் தட்டல் பெரும்பாலும் பிக் எண்ட், அதாவது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கன்ராடின் கிராங்க் பக்க பேரிங். குளிரில் தட்டி, சூடானதும் குறைந்தால் பிஸ்டன். மேலிருந்து மெல்லிய கிலுகிலுப்பு வந்தால் கன்ராடின் பிஸ்டன் பக்க முனையான ஸ்மால் எண்ட். தளர்ந்த பிரைமரி செயினும் மேக்னட் ரோட்டர் நட்டும் இவை எல்லாவற்றையும் போலவே சத்தம் போடும். அந்த இரண்டையும் முறுக்கிப் பார்க்காமல் எஞ்சினை இறக்கிய பிறகு தலையில் கை வைத்துப் பயனில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் சத்தத்தைவிட நல்ல சாட்சி ஆயில் சீல். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு, சைலன்சரில் வெள்ளைப்புகை அடங்காது, கியர்பாக்ஸில் அளவு குறையும். மேக்னட் பக்க சீல் போனால் காற்று உள்ளே போகும். ஐடிலிங் நிற்காது, ஆக்சிலேட்டர் விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்க மறுக்கும், பிளக் வெளுத்துப்போகும். கவனிக்காவிட்டால் பிஸ்டன் ஜாம். சில எஞ்சின்களில் சீலை வெளியிலிருந்தே மாற்றலாம். ஆனால் தண்டு ஆடுகிறது என்றால் புது சீலின் உதடும் சீக்கிரமே ஒரு பக்கமாகத் தேயும். மாற்றிய சீல் மறுபடி போனால் குற்றவாளி சீல் இல்லை, பேரிங்.

பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட்டைத் திறந்து மூடும் கேம் கிராங்க் முனையிலேயே இருக்கும் பைக்குகளில் இன்னொரு சாட்சியும் உண்டு. பாயின்ட் இடைவெளி பொதுவாக 0.35 மி.மீ. அளவுதான். கிராங்க் முனை 0.05 மி.மீ. ஆடினாலும் டைமிங் தாவும். ஸ்ட்ரோப் லைட் அடித்தால் டைமிங் குறி ஒரே இடத்தில் நிற்காமல் நடுங்கும். புது பாயின்ட், புது கண்டன்ஸர் போட்ட பிறகும் நடுங்கினால் அடுத்தது, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ்தான்.

இந்த டயல் கேஜ் சோதனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மேக்னட்டைக் கழற்றி, தண்டு முனையில் கேஜை நிறுத்தி, தண்டை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். பேரிங்கும் சீலும் நல்ல நிலையில் இருந்தால் முள் அசைவது தெரியாத அளவுக்குத்தான் இருக்கும். 0.05 மி.மீ.-ஐத் தாண்டினால் கேஸைப் பிளக்கக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் தண்டை உள்ளும் வெளியும் தள்ளிப் பார்த்து ‘ஆட்டம் இருக்கே’ என்று முடிவு கட்டாதீர்கள். குண்டு பேரிங்கில் நீளவாக்கு ஆட்டம் இயல்பிலேயே குறுக்குவாக்கு ஆட்டத்தைப் போல எட்டு, பத்து மடங்கு இருக்கும். 0.02 குறுக்கே இருந்தால் 0.2 நீளவாக்கில் இருப்பது தேய்மானம் அல்ல, அமைப்பு. அந்த 0.2-ஐக் கையால் உணர்ந்து, நல்ல எஞ்சினைப் பிளப்பவர்கள் நிறைய.

நீண்ட நாள் நின்ற வண்டிக்குத் தனி விதி. ஓடித் தேய்ந்த பேரிங்கைவிட நின்று துருப்பிடித்த பேரிங் மோசம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் ஆவியாகி, மீதி எண்ணெய் வடிந்து, ஈரம் குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே தங்கிவிடும். கழற்றிப் பார்த்தால் தடத்தில் குண்டுகளின் இடைவெளியிலேயே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பால்பாயின்ட் பேனா முனையை அதன்மேல் இழுத்தால் மாட்டும். மாட்டினால் அந்த பேரிங் முடிந்தது. துருவைத் துடைத்துத் திரும்பப் போடும் யோசனை வேண்டாம். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாய் வைத்துச் சுழற்றும் பழக்கமும் வேண்டாம். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் நல்ல தடமும் கீறிவிடும்; குண்டுகளைப் பிரித்து வைத்திருக்கும் கூண்டு உடைந்தால் குண்டு முகத்துக்கு வரும்.

இனி வாங்குவது. மேனுவலில் வேறு எதுவும் சொல்லாதவரை கிராங்குக்கு வேண்டியது மூடியில்லாத, சி3 பேரிங். சி3 என்பது தரத்தைக் குறிப்பதில்லை. உள்ளிருக்கும் இடைவெளியைக் குறிக்கிறது. 25 மி.மீ. உள்விட்டத்துக்குச் சாதாரண ரகத்தில் இடைவெளி 5 முதல் 20 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), சி3-இல் 13 முதல் 28. இந்தச் சின்ன வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கே5 என்ற பொருத்த அளவில் கடைந்த 25 மி.மீ. தண்டு 2 முதல் 11 மைக்ரான் பெரிது. பேரிங் துளை 0 முதல் 10 மைக்ரான் சிறிது. இறுக்கம் சராசரியாக 11 மைக்ரான் வரும். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உள் வளையத்தை விரித்து இடைவெளியைத் தின்றுவிடும். சி3-இன் நடு அளவான 20-இல் 9 போனால் மீதி 11. சாதாரண ரகத்தின் நடு அளவான 12-இல் 9 போனால் மீதி 3. அதற்கு மேல் அலுமினியக் கேஸ் வெளி வளையத்தை நெருக்குகிறது, உள் வளையம் வெளி வளையத்தைவிடச் சூடாகிறது. அந்த 3 மைக்ரான் எங்கே நிற்கும்? ஓடும்போது பேரிங் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு சூட்டில் நீலம் பூக்கும். ‘அதே நம்பர்தான், சி3 இல்லை, பரவாயில்லை’ என்று தரப்படும் பேரிங்கை மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள்.

கூண்டு விஷயத்தில் சண்டை ஓயாது. அடித்த இரும்புக் கூண்டா, பாலிஅமைடு பிளாஸ்டிக் கூண்டா? எஸ்கேஎஃப் பேரிங்கில் டிஎன்9 என்று பின்னொட்டு இருந்தால் அது கண்ணாடி இழை சேர்த்த பாலிஅமைடு, எஃப்ஏஜி-யில் டிவிபி. பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். எடை குறைவு, எண்ணெய் சற்றுக் குறைந்தாலும் தாங்கும், வேகம் திடீரென்று ஏறி இறங்கும்போது இரும்புக் கூண்டின் ரிவெட்டைப் போலக் களைத்து முறியாது. அதன் பலவீனம் வெப்பம்: 120 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் ஆகாது. ஓட்டத்தில் அது பெரிய பிரச்சினை இல்லை, பொருத்தும்போதுதான். கேஸ் டார்ச்சை நேராகப் பேரிங்மேல் காட்டும் பட்டறையில் டிஎன்9 கொடுப்பது வீண். என் தேர்வு இப்படி: நிதானமாக ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிளுக்கு இரும்புக் கூண்டு; ஆர்பிஎம் ஏற்றி ஓட்டும் டூ ஸ்ட்ரோக்குக்கு, வெப்பத்தை அளந்து பொருத்தத் தெரிந்தவர் கையில், பாலிஅமைடு.

இருபக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் ரகத்தை கிராங்கில் அப்படியே போடாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். மூடி இருப்பதால் புது எண்ணெயும் உள்ளே வராது. அந்த ரப்பர் கிராங்க் கேஸ் அழுத்தத்தைத் தாங்கும் ஆயில் சீலும் அல்ல. சி3-இல் அது மட்டுமே கிடைக்கிறது என்றால் இரண்டு மூடியையும் நெம்பி எடுத்து, கிரீஸைக் கழுவி, டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டுப் பொருத்தலாம்.

பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் அங்குல பேரிங் வரும். எல்ஜே1 என்றால் 1 அங்குல உள்விட்டம், 2¼ வெளிவிட்டம், ⅝ அகலம். எம்ஜே1 என்றால் 1, 2½, ¾. இவற்றில் சி3-க்குப் பதிலாக மூன்று புள்ளிக் குறி இருக்கும். குண்டுக்குப் பதில் ரோலர் போட்டால் பலம் கூடும் என்று தானாக மாற்றிவிடாதீர்கள். 1972-இல் நார்ட்டன் கமாண்டோவின் காம்பேட் எஞ்சின் பட்ட பாடு இதற்கு உதாரணம். வேகத்தில் கிராங்க் வளைந்தது, நேரான ரோலரின் விளிம்பு தடத்தைக் கொத்தியது, பேரிங்குகள் வரிசையாகப் போயின. பிறகு வந்த ‘சூப்பர்பிளெண்ட்’ ரோலரின் உடல் மிக லேசாகப் பீப்பாய் வடிவம்; அந்த வளைவைத் தாங்கியது. இன்னொன்று: என்யூ ரக ரோலர் தண்டை நீளவாக்கில் பிடிக்காது. இரண்டு பக்கமும் அதையே போட்டால் கிராங்கை நடுவில் நிறுத்த எதுவும் இல்லை.

போலி பேரிங் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியின் அச்சைப் பார்த்து மட்டும் நம்ப முடியாது. எஸ்கேஎஃப் ஆதென்டிகேட், எஃப்ஏஜி தயாரிப்பாளர் ஷேஃப்லரின் ஆரிஜின்செக் என்ற கைபேசிச் செயலிகள் இதற்காகவே இருக்கின்றன. வளையத்தின்மேல் எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால், கையில் சுழற்றும்போதே கரகரத்தால், பொருத்தும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்துவதில் சுத்தியல் கடைசி ஆயுதம். 62 மி.மீ. துளையுள்ள அலுமினியக் கேஸை 20 டிகிரியிலிருந்து 100-க்குச் சூடாக்கினால், அதே அளவு சூடாகும் இரும்பு பேரிங்கைவிட 0.05 மி.மீ. அதிகம் விரியும். அது போதும், பழையது தானாக விழும். குளிர்ந்த புதியது அதைவிடச் சுலபமாக உள்ளே போகும். கேஸ் முழுவதும் சீராகச் சூடாக வேண்டும். ஒரே இடத்தில் தீ காட்டினால் கேஸ் முறுகும், பிறகு ஜாயிண்ட் ஒழுகும். தண்டில் ஏற்றுவதானால் பேரிங்கை எண்ணெயில் 80 முதல் 100 டிகிரிக்குக் காய்ச்சுங்கள். கேஸில் பொருத்திய பேரிங்குக்குள் கிராங்கை முனையைப் பிடித்து இழுக்கும் கருவியால் இழுக்க வேண்டும். அழுத்தியே ஆக வேண்டுமானால் கிராங்கின் இரண்டு வெப்களுக்கு (பக்கத் தட்டுகளுக்கு) நடுவே ஆப்பு கொடுக்காமல் முனையைத் தட்டக் கூடாது. துண்டுகளை பிரஸ் செய்து சேர்த்த கிராங்க் கோணிவிடும். சில ஜப்பானிய மேனுவல்கள் அனுமதிக்கும் கோணல் வெறும் 0.03 மி.மீ.

துளையே தளர்ந்து, வெளி வளையம் சுற்றிச் சுற்றிக் கேஸ் பளபளவென்று இருந்தால் பேரிங் மட்டும் மாற்றுவது வெறும் ஒப்பேற்றல். தளர்ச்சி சில மைக்ரான் என்றால் லாக்டைட் 641 போல, பின்னால் கழற்றக்கூடிய ஒட்டுமருந்து போதும். 0.05 மி.மீ.-ஐத் தாண்டினால் லேத்தில் கேஸைக் கடைந்து ஸ்லீவ் போடுங்கள். சென்டர் பஞ்சால் துளையைச் சுற்றிக் குத்தி ‘இறுக்கம்’ வரவைக்கும் வித்தை வேண்டாம். அந்தப் புள்ளிகள் சில நூறு கிலோமீட்டரில் நசுங்கிவிடும், பேரிங்கும் மையத்தில் உட்காராது.

கேஸ் திறந்திருக்கும்போதே பிக் எண்டையும் பார்த்துவிடுங்கள். கன்ராடை மேலும் கீழும் இழுத்தால் உணரக்கூடிய ஆட்டம் சிறிதும் கூடாது. பக்கவாட்டில் ஸ்மால் எண்ட் சாய்வது வேறு விஷயம். பல யமஹா டூ ஸ்ட்ரோக்குகளில் 2 மி.மீ. வரை அனுமதி. குண்டுக்கோ ரோலருக்கோ பதில் மெல்லிய அரைவட்டத் தகடுகள் உள்ள ஷெல் பேரிங் எஞ்சின் என்றால், அவை உட்காரும் தண்டுப் பகுதியான ஜர்னலை இரண்டு திசையில் மைக்ரோமீட்டரால் அளந்து, நீள்வட்டமாகியிருந்தால் கடைந்து, 0.010 அல்லது 0.020 அங்குலம் குறைந்த ஷெல் போட வேண்டும். ட்ரையம்ஃப் ட்வின்களில் கிராங்குக்குள் சேறு பிடிக்கும் குழாய் ஒன்று உண்டு. அதைச் சுத்தம் செய்யாமல் புது ஷெல் போட்டால் எண்ணெய் வழி அடைத்து, புது ஷெல்லும் போகும்.

கேஸ் மூடிய பிறகு கிராங்க் கனமாகச் சுற்றினால் பயப்படாமல் இரண்டு முனையிலும் மென்சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். பேரிங் நடுவில் அமர்ந்து லேசாகும். அப்படியும் ஆகாவிட்டால் திறந்து, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையமான ஷிம்மைச் சரிபாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்டையும் இன்டேக்கையும் அடைத்து, 0.4 பார் காற்று ஏற்றி, 6 நிமிடம் நிற்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினை ஃப்ரேமில் ஏற்ற வேண்டாம். கழற்றிய பழைய பேரிங்கில் ஒன்றை மட்டும் பத்திரப்படுத்துங்கள். அதன் உள்துளையைக் கொஞ்சம் தேய்த்து, தண்டில் கையால் நழுவும் அளவுக்கு ஆக்கினால், ஷிம் அளவு பார்க்கப் புது பேரிங்கை ஏற்றி இறக்க வேண்டியிருக்காது.